டாக்டரிடம் சொல்லாத ஐந்து அரை மாத்திரை

காய்ச்சல் தொடங்கிப் பதினோரு நாளாகியும் என் பிள்ளை தேறவில்லை. அதில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில். ஆறாவது நாள் மதியம் நஸ்ரின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அம்மா என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன ஷஅபான் மாதம் நடந்தது இது. வியாழக்கிழமைதோறும் தஃலீம் வகுப்புக்கு வரும் என் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று பல தடவை வாயெடுத்து, வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேன். இன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்ததால் வந்த வினைதான் இது என்பது போகப் போகத் தெரியும்.

லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில்தான். என் வீட்டுக்காரர் கத்தாரில். வரும்போது எல்லாரும் கொண்டுவருவதைத்தான் அவரும் கொண்டுவருவார்: சாக்லேட், சோப்பு, தைலம், அப்புறம் கம்பெனி கிளினிக்கில் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரைகள். நம் வீடுகளில் வெளிநாட்டு மாத்திரைக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், அட்டையில் உள்ள இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். யாருக்குத் தலைவலி, காய்ச்சல் என்றாலும் என்னிடம் வருவார்கள். ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு இனிக்கும்.

நஸ்ரினுக்கு ஏழு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. காய்ச்சல் தொடங்கிய அன்றே டப்பாவைத் திறந்தேன். பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை என்பதால் பாதியாக உடைத்து, வேளைக்கு அரை மாத்திரை என்று ஐந்து வேளை கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. மீதியை அடுத்த தடவைக்கு ஆகும் என்று பத்திரமாக மூடி வைத்தேன். இரண்டே நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள்.

அந்த வார்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கட்டிலுக்குக் கட்டில் காய்ச்சல் பிள்ளைகள். பக்கத்துக் கட்டிலில் வாலிகண்டபுரத்துச் செல்வியின் மகன், நாலு வயது. அவனுக்கு டைபாய்டு. எதிர்க் கட்டில் பிள்ளைக்கும் அதே. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் டாக்டர் மேடம் செல்வியைத் திட்டிக்கொண்டிருந்தார். தெருவில் விற்ற ஐஸ் வாங்கிக் கொடுத்ததை, தண்ணீர் காய்ச்சாததை, மெடிக்கல் கடையில் தானாக மருந்து வாங்கி ஊற்றியதை எல்லாம் அவள் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தாள். காலி மருந்து பாட்டிலைக்கூடப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ‘இவளுக்கு வாயே நிற்காதா’ என்று நினைத்தேன் நான்.

அடுத்து என்னிடம் வந்தார். “இதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லைங்க மேடம். கசாயம்தான் குடுத்தேன்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். படித்தவள், தெருவுக்கே டாக்டரம்மா, திட்டு வாங்கி நிற்பேனா?

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி எதுவும் பிடிபடவில்லை. அதனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கான மருந்தைத் தொடங்கினார்கள். நாள் போனதே தவிரக் காய்ச்சல் போகவில்லை. பிள்ளை வாடிப்போனாள். வயிறு உப்பிவிட்டது. ஆறாவது நாள் மதியம், என்னை யாரென்று தெரியாமல் அவள் பார்த்த பிறகு, மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “என்ன காய்ச்சல்னே புடிபட மாட்டேங்குது. நாளைக்கும் இப்படியே இருந்தா திருச்சிக்கு அனுப்பிடறேம்மா. தயாரா இருங்க.”

கத்தாருக்குப் போன் போட்டேன். மேடம் சொன்னதைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார், “டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னியா?” எனக்கு வந்ததே கோபம். “அங்க உக்காந்துகிட்டு என்னையே கேளுங்க” என்று வைத்துவிட்டேன்.

அஸர் தொழுகை நேரம். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “அக்கா, நீங்க போயி தொழுதுட்டு வாங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன். ட்ரிப்ஸு முடிஞ்சா நர்ச நான் கூப்புடுறேன்.” அவளை மனதுக்குள் என்னவெல்லாம் நினைத்திருந்தேன். என் பிள்ளையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழாயடியில் ஒளு செய்துவிட்டு வராந்தாக் கடைசியில் துண்டை விரித்தேன். ஸஜ்தாவில் விழுந்து கேட்டேன். “யா அல்லாஹ், என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு. அவளுக்கு என்ன நோய் என்று அந்த டாக்டருக்குக் காட்டிக் கொடு. மறைந்திருப்பதை வெளியே கொண்டு வா.” அழுதுகொண்டே இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எத்தனையாவது தடவையோ தெரியாது, என் வார்த்தை என் காதிலேயே விழுந்தது. மறைந்திருப்பதையா? மறைத்தது யார்? நான்தானே. கையில் வைத்து மூடிக்கொண்டு, காட்டிக் கொடு என்று அவனிடமே கேட்கிறேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்தபோது வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மேடம் வீட்டுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். வழியில் போய் நின்றேன். “மேடம், நான் பொய் சொல்லிட்டேன். மாத்திரை குடுத்தேன்.” டப்பாவிலிருந்து கடைசி அரை மாத்திரை வரை சொன்னேன். பையைக் கீழே வைத்தார். வீட்டிலிருந்த என் நாத்தனாருக்குப் போன் செய்து, அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“இது கிருமிய அடிக்கற ஆன்டிபயாடிக். இதனாலதாம்மா சோதனையில ஒண்ணும் தெரியல. அரைகுறையா குடுத்ததுல கிருமி சாகவும் இல்ல, கண்ணுக்கு மாட்டவும் இல்ல. டைபாய்டுன்னு வச்சு இப்பவே ஆரம்பிச்சுடறேன்.”

திட்டுவார் என்று நின்றேன். “இப்பவாச்சும் சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல்லுக்குத்தான் உடைந்துபோய் அழுதேன்.

அன்று மாலையே மறுபடி ரத்தம் எடுத்துவிட்டு ஊசி மாற்றினார்கள். இந்தத் தடவை கிருமி அகப்பட்டது, டைபாய்டேதான். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. நாலு நாள் நானும் செல்வியும் மாறி மாறி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்தாவது நாள் காலையில் நஸ்ரின் வேர்த்துக் குளிர்ந்து கிடந்தாள். பயந்துபோய் நர்சைக் கூப்பிட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து, “ஏம்மா அழுவுற?” என்றாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஊசிதானே குணமாக்கியது என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், ஊசிதான். அதை யார் மறுத்தது? அந்த ஊசிக்கு ஆறு நாளாக வழியை அடைத்து நின்றவள் நான். என்னை நகர்த்தியவன் அல்லாஹ்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அப்படியே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நான் மாத்திரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் நடந்ததைச் சொன்னேன். “டாக்டரம்மா ரிட்டயர் ஆயிட்டாங்களா?” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இப்போது எங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். செல்வி வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். என் துஆவில் அவள் மகன் பெயரும் இருக்கிறது.

சகோதரிகளே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் ஏதாவது தொண்டையில் நின்றால், அதற்காகவும் அவனிடம் கையேந்துங்கள். நான் அன்று கேட்டது என் பிள்ளையை மட்டும்தான். வாய் திறக்கும் தைரியம் வேண்டும் என்று எனக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை. கேட்காத அதைத்தான் முதலில் தந்தான். என் பிள்ளையைப் பிறகு தந்தான்.