காலருக்குப் பத்து பைசா

அன்று காலர் பிரிவில் இருந்தவர்கள்: என் அக்காவையும் சேர்த்து இருபத்திரண்டு தையல் பெண்கள், மேனேஜர், எங்கள் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார அம்மா, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல நான். இல்லாதவர் முதலாளி. கூலியைக் கூட்டும் அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அவர் திருப்பதிக்குப் போயிருந்தார். கூலிப் பேச்சு எழும்போதெல்லாம் அவருக்குப் பெருமாள் ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி. அக்கா ஆறு வருடமாக அங்கே தைத்துக்கொண்டிருந்தாள். நான் பி.ஏ. முடித்ததும் மேனேஜரிடம் சொல்லி என்னையும் கிளார்க்காகச் சேர்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாதம் தொள்ளாயிரம் சம்பளம், ஃபேனுக்கு அடியில் நாற்காலி.

பெண்களுக்கு ஒரு காலருக்கு முப்பது பைசா. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் தைத்தால் நூற்றிருபது காலர் ஆகும், முப்பத்தாறு ரூபாய். அதை நாற்பது பைசா ஆக்கச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “மொதலாளி வரட்டும்மா” என்பார் மேனேஜர். முதலாளி வருவார். வந்ததும் “இப்பத்தான வந்தாரு” என்பார்.

வெள்ளைக்கார அம்மா வருகிறார் என்றதும், முந்தின நாள் திருநின்றவூர் ரயிலுக்காக நிற்கும்போது அக்காவும் இன்னும் நாலு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அந்தம்மா எதுனா கொறை கீதான்னு கேட்டா, பத்து பைசா மேட்டர இங்கிலீஸ்ல எடுத்து உடு. உன்ன எதுக்கு படிக்க வச்சிது?” நானும் இரண்டு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் நின்றார். அக்கா தைத்த காலரின் முனையை விரலால் தடவிப் பார்த்து, இவ்வளவு கூர்மையாக எப்படித் திருப்புகிறாய் என்று கேட்டார். அவருக்குக் கண்ணே கலங்கியது. ஆனால் போன மாதம் வந்த ஃபேக்ஸை ஃபைலில் போட்டவன் நான். சட்டை விலையை இன்னும் குறைக்காவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து இந்தக் கையுடையதுதான்.

குறை ஏதாவது உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வீதம் பாங்கில் மாற்றி வைத்திருக்கிறாராம். தங்கள் ஊரில் வேலை மனதுக்குப் பிடித்தால் மேசையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவது வழக்கம், இது அந்த மாதிரி என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். சொல்லவில்லை. “மேடம், இவர்களுக்கு டிப்ஸ் வேண்டாம். காலருக்குப் பத்து பைசா கூடுதலாகக் கிடைக்கிற மாதிரி சட்டைக்கு விலை கொடுங்கள்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அவர் முகம் சிவந்தது. கூலி உங்கள் கம்பெனியின் சொந்த விஷயம், நான் தலையிட முடியாது என்றார். கவரை மேனேஜர் கையில் கொடுத்து, இவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கேட்டில் வாட்ச்மேனுக்கு நூறு ரூபாய் கொடுத்தார். அவர் ஒரு சல்யூட் வைத்து வாங்கிக்கொண்டார். அவருக்கு என்னைப் போல மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை.

மேனேஜர் ஏதாவது செய்தார். கவரில் இருந்த பணத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக் காலர் பிரிவில் மாட்டினார். மணிக்கொரு தரம் பாட்டுப் பாடும். ஆளுக்கொரு லட்டு. இனிமேல் யார் லேட் என்று சண்டையே வராது பாருங்கள் என்றார்.

நான் இங்கிலீஷில் சொன்னதை மேனேஜர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கும் லீவு. சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தாள். “ரேட்டு கேக்கத்தான சொன்னோம். கவரு வேணாம்னு சொல்லச் சொன்னது யாருடா?”

“அது பிச்சைக்கா.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவர் ஆவடியில் ஒரு ஓட்டலில் சர்வர். பில்லோடு வரும் தட்டில், சோம்புக்குப் பக்கத்தில் விட்டுப்போகும் சில்லறையை எல்லாச் சர்வர்களும் ஒரே டம்ளரில் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வது அந்த ஓட்டல் வழக்கம்.

“ஓட்டல்ல குடுக்கற சம்பளம் ஊட்டு வாடகைக்கே பத்தாது நைனா. உன் காலேஜ் பீஸு டம்ளர்லேர்ந்துதான் வந்துது. அந்த இங்கிலீஸ்லயே போயி டிப்ஸு வேணாம்னுட்டு வந்துகீற.”

“அப்ப உங்க மொதலாளி சம்பளத்தக் கூட்டவே மாட்டாரே. டம்ளரு கீதேன்னு உட்ருவாரு.”

“உட்டுத்தான் வச்சிகீறாரு,” என்றார் அப்பா. “அதுக்காக டம்ளர கவுத்துட்டா கூட்டிருவாரா?”

மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் முதலாளி திரும்பி வந்தார். ஷிப்மெண்ட் நாள், கண்டெய்னர் லாரி கேட்டில் நின்றது. அன்றைக்கு வந்து உட்கார்ந்த இருபத்திரண்டு பேரும் மிஷினைத் தொடவில்லை. காலர் இல்லாமல் சட்டை நகராது. லாரிக்காரர் மாடிக்கே வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாமா, எதுனா சாவு ஊடா?”

“இல்லண்ணாத்தே, கடியாரம் பாட்டு கேட்டுகினு கீறோம்,” என்றாள் அக்கா.

கடிகாரம் எட்டு முறை பாடியது. ஒன்பதாவது பாட்டுக்கு முன் முதலாளி மாடிக்கு வந்து, ஐந்து பைசா கூட்டுகிறேன் என்றார். பத்து கேட்டோம் என்றாள் அக்கா. பாதியாவது தருகிறேனே என்றார். சரி என்றார்கள். உட்கார்ந்திருந்த நாளுக்கான கூலியைப் பிடித்துக்கொண்டார். கூலிச் சீட்டில் அதை எழுதியவன் நான்.

சம்பள நாளன்று வீட்டில், அக்காவின் டிபன் பாக்ஸ் மேல் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தேன். பார்த்தாள். 

“இன்னாடா இது, டிப்ஸா?”

“என்னாலதான போச்சு.”

“எனக்கு மட்டுமா போச்சு? குடுக்கறதுன்னா எல்லாருக்கும் குடு.” நோட்டை என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டுப் போனாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளுக்குக் கவரில் ஐம்பது, ஒரு நாள் கூலி முப்பத்தாறு. இருபத்திரண்டு பேருக்கும் கொடுக்க என் இரண்டு மாதச் சம்பளமும் போதாது. அந்த ஐந்து பைசாவுக்கு அவர்கள் கொடுத்தது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.