பெயர் போடாத இசைத்தட்டுகள்

என் மருமகனுடைய அறைக்குள் அவர் இல்லாத நேரத்தில் நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை ஒரு இசைத்தட்டை எடுத்துப் போட்டுக் கேட்டேன். அதனால் வந்ததைத்தான் எழுதுகிறேன்.

மகளுக்குக் கலியாணம் பேசியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது கடந்திருந்தது. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை எங்கள் பக்கத்துக் கிரானில் பிறந்தவர், சிறு வயதிலேயே தாயுடன் ஜேர்மனிக்குப் போய் அங்கே வளர்ந்தவர். ஏன் போனார்கள் என்பதைப் பேச்சுக்கால் நடக்கும்போதே சொன்னார்கள். ஒரு நாள் காலையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மரியாதையாகக் கதிரையில் இருந்து கதைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு விஷயம் கேட்டுவிட்டு விடுகிறோம் என்று தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இது எனக்குத் தெரியும். பிறகு செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் இதை முன்னுக்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தோடு வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் பின்னால் வாவிப் பக்கமாக இருந்த இரண்டு அறைகளுக்கு மாறினோம். மருமகன் முன்வீட்டுக்கு வந்தார். இன்னொரு வழக்கமும் உண்டு. மாமனும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டியது மாமி வழியாக மகளுக்குப் போய், பதிலும் அதே வழியில் திரும்பி வரும். அவரோடு ஒரே வளவில் இரண்டு வருடம் இருந்தேன். அவர் என்ன செய்கிறார் என்று நான் வாய் திறந்து கேட்டது கிடையாது.

அவரோடு வந்தது பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள். பெரிய கறுப்புத் தட்டுகள். அந்தக் காலத்து ரெக்கோட்டுகளை வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றின் உறையில் ஒரு நடிகையின் முகம் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். இவை வெறும் வெள்ளை உறைகள். நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளும் வெள்ளைதான். உறையின் மூலையில் மட்டும் சிறிய துண்டில் பேனையால் எழுதிய எண்கள்: 131, 134, சிலவற்றில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் அடையாளம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஜேர்மனியிலிருந்து சதுரமான ஒரு பார்சல் வரும். அதற்குள்ளும் இதே பெயரில்லாத தட்டுகள்தான்.

நான் வேலை செய்த காலம் முழுவதும் காணிப் பதிவகத்தில் இருந்தவன். பெயரில்லாத தாள் என் மேசைக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு களவு இருக்கும் என்பது எனக்குப் பழக்கமாகிப் போன எண்ணம். ஒரு மனிதர் ஒன்றைச் செய்து அதில் பெயர் போடாமல் விட்டால் அவர் ஒளிக்கிறார். வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தட்டைச் சுற்றும் இயந்திரமும் இரண்டு வைத்திருந்தார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு? பாட்டுக் கேட்பவர் பாட்டைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார். இவரோ ஒரு காதில் மட்டும் ஹெட்போனை அமர்த்திக்கொண்டு, மற்றக் காதை வெளியே விட்டு, விரலால் தட்டை முன்னும் பின்னும் அசைத்தபடி நிற்பார். யன்னலால் கண்டிருக்கிறேன். எங்கள் அறைச் சுவரால் வந்தது ஒரே ஒரு இடிச் சத்தம். பாட்டு இல்லை, குரல் இல்லை. ஒருவர் நிற்காமல் உரலில் இடிப்பது மாதிரி.

மனைவியை விட்டுக் கேட்பித்தேன். மகளிடம் போன கேள்வி, "டெக்னோவாம், ஆடுறதுக்குப் போடுறதாம்" என்று திரும்பி வந்தது. இந்தச் சத்தத்துக்கு யார் ஆடுவார்கள் என்று மறுபடி கேட்கச் சொன்னேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் புள்ள தன்ட பாட்டுல பாட்டுப் போடுது. நீங்கதான் செவரோட காத வச்சுக்கு இருக்கிங்க. வேணுமெண்டா போய் ஆடிப் பாருங்களன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளையும் அவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர்கள் இருவரும் ஒரு கலியாண வீட்டுக்காக ஏறாவூர்ப் பக்கம் போயிருந்த ஒரு பகலில்தான் மூன்றாம் தடவை உள்ளே போனேன். புதிதாக வந்த பார்சல் உடைத்தபடி இருந்தது. அதிலிருந்து ஒரு தட்டை எடுத்து இயந்திரத்தில் வைத்தேன். ஊசியை இறக்கியதும் அதே இடி. ஒரு நிமிடத்துக்கு மேல் அது மட்டும்தான். பிறகு மேலே மெல்லிய உலோகச் சத்தம் ஒன்று சேர்ந்தது. எங்கோ ஒரு கதவு திறந்து மூடுவது போல ஏதோ வந்து போனது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று மறுபடி வெறும் இடி. முடியப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முடியவில்லை. ஊசி உள் வட்டத்துக்கு வந்து, அங்கேயே ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கீறல் விழுந்து சிக்கிவிட்டது என்று நினைத்து ஊசியைத் தூக்கி அதே வட்டத்தில் மறுபடி வைத்தேன். அதே துண்டு. தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை. அந்தக் கடைசி வட்டத்தை முடியாதபடி வேண்டுமென்றே வெட்டியிருந்தார்கள்.

பெயரில்லாத தட்டு, மூலையில் எண், முடிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் போன்ற சத்தம். இது செய்தி என்று முடிவு செய்தேன். யாருக்கு, என்ன செய்தி என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் என் வயதுவரை வாழ்ந்தவனுக்குப் பயப்பட எந்தப் பதிலும் தேவைப்படுவதில்லை. ஒன்று நடந்து வீட்டைச் சுற்றி வளைத்தால் மகளும் அல்லவா போவாள் என்று நினைத்தேன். மகளுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது என்ற கோபம்தான் மற்றப் பாதி. அது என் வீடே இல்லை என்பது எனக்கு மறந்திருந்தது.

வாவிக் கரைத் தேநீர்க் கடையில் நாளாந்தம் என்னோடு இருக்கும் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருக்கால் விசாரித்துப் பார்த்தால் நல்லது என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உங்கட மருமகன்ட்ட நீங்களே கேட்கேலாதா?"

"அதெப்பிடிக் கேட்கிற? மாமன் மருமகன் இல்லியா?"

"ஓம், அதுஞ் சரிதான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். தெரிந்தவர்களோடு கதைப்பதாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அது பெரிய குற்றமாகப் படவில்லை. மருமகனிடம் நேரே கேட்பது மரியாதைக் குறைவு, ஆனால் அவரைப் பற்றி வெளியே போய்ச் சொல்லலாம் என்று இரண்டு படித்த கிழவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே முடிவு செய்தோம்.

அடுத்த கிழமை காலையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகவே வந்தார்கள். மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். மருமகன் அவர்களுக்குக் கதிரை போட்டார். மனைவி தேநீர் ஊற்றிக் கொண்டுபோனாள். நான் விறாந்தையின் ஓரத்தில், கூப்பிட்டால் போகிற தூரத்தில் நின்றேன். எந்தக் கம்பனிக்கு வேலை, ஏன் பெயர் போடுவதில்லை என்றெல்லாம் கேட்டார்கள். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். தட்டுகள் ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் டிஜேக்களுக்காகச் செய்தவை. அவற்றில் சில அவர் இங்கிருந்து செய்து அனுப்பி அங்கே தட்டாக அச்சடித்தவை. யார் செய்தது என்று பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுத் தெரிவு செய்யட்டும் என்பதற்காகத்தான் வெள்ளைத் தாள். எண்கள் நிமிடத்துக்கு எத்தனை தரம் இடிக்கிறது என்பதைக் காட்டுபவை, கூட்டல் என்றால் அதைவிடச் சற்றுக் கூட. அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடியில் இருந்த கைகளை மட்டும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தார்.

வந்தவர்களில் இளையவர் அப்போது கேட்டார், "கடைசியில முடியாமச் சுத்துற தட்டு ஒண்டு இருக்காமே?"

அந்தத் தட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மருமகன் அதை மகளுக்குக்கூட முழுதாகப் போட்டுக் காட்டியிருக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. எழும்பி, அவர்களை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், அதைப் போட்டார். அது சுற்றிக்கொண்டிருக்க, இரண்டாவது இயந்திரத்தில் வேறொரு தட்டை வைத்து, வேகத்தைச் சரிபார்த்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிட்டார். வாசலில் நின்ற எனக்கு முதல் தடவையாக அது இசை போலக் கேட்டது. இவை தனியாகக் கேட்பதற்குச் செய்தவை அல்ல. ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் இடியை விட்டிருக்கிறார்கள். அடுத்த தட்டு வந்து சேரும்வரை சத்தம் நிற்காதிருக்கத்தான் அந்தக் கடைசி வட்டமும் முடியாமல் சுற்றுகிறது. இளையவரின் சப்பாத்து மெல்ல ஆடியது. மூத்தவர் அதைக் கண்டு தொண்டையைச் செருமினார். பாஸ்போட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு மருமகன் என்னோடு நேரே பேசினார்.

"மாமா, ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போட்டுக் காட்டியிருப்பன்."

பிறகு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். மனைவி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் விறாந்தையிலேயே நின்றேன்.

நான்தான் காட்டிக்கொடுத்தது என்று மகளிடம் அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, அவளைக் காப்பாற்றினாரா, தெரியாது. ஆனால் அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையில் நின்றாலும் எழும்பி யன்னலுக்குப் போனார். இரண்டு மாதம் ஒரு தட்டும் சுற்றவில்லை. இங்கே தன்னால் இருக்க முடியாது என்று மகளிடம் சொன்னார். அவளும் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு போவதென்று முடிவானது. எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மகளுக்கு ஒரே கேள்விதான். யார் போய்ச் சொன்னது? கடைசியில் அவள் எதிர்வீட்டுக்காரியைப் பிடித்தாள். தையல் தைக்கிற பெண், கணவன் கட்டாரில். முன்பு சத்தம் கூடிவிட்டது என்று ஒரு தடவை படலைக்கு வந்து முறையிட்டவள். மகள் அவளோடு கதைப்பதை விட்டாள். அவள் கொடுத்தனுப்பிய இறால் கறியை மூடியபடியே திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் என்னிடம் வந்து கேட்டாள். நான் தெரியாது என்றேன். செய்ததிலெல்லாம் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலாவதைப் பயத்தில் செய்தேன். இதைச் சௌகரியத்துக்காகச் செய்தேன்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன்.

"எதிர்வீட்டுப் புள்ள இல்ல. நான்தான் சொன்னது, மகள்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"அண்டைக்கே தெரியும்."

"மறுகா ஏன் அப்பா எனக்கு இவ்வளவு நாளும்..." என்று தொடங்கியவள், செருப்பைக்கூடப் போடாமல் ஒழுங்கையைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். நெடுநேரம் அங்கே இருந்தாள்.

அவர்கள் போய் எட்டு மாதமாகிறது. மருமகன் தட்டுகளைக் கொண்டுபோகவில்லை. அவ்வளவு பாரத்தை விமானத்தில் ஏற்ற முடியாது. வாவிக் காற்றில் அவை பூஞ்சணம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது யன்னலைத் திறந்து, மென்மையான துணியால் துடைக்க வேண்டுமாம். அறையைப் பூட்டித் திறப்பை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகள். சனிக்கிழமைகளில் அந்தப் பெண் வருகிறாள். மனைவியோடு சிரித்துக் கதைக்கிறாள். அறையைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து வட்டமாகத் துடைத்து உறைக்குள் வைக்கிறாள். ஒரு நாள் நான் வாசலுக்குப் போய், உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் ஐயா" என்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை. "உங்கள உள்ளுக்கு விட வேணாமெண்டு உங்கட மகள் சொல்லிட்டுப் போயிருக்கா."

சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு, அவள் துடைத்து முடிக்கும்வரை வெளியே நின்றேன்.