டீச்சர்ட ரோசாவும் வாப்பாட வுழூத் தண்ணியும்

ஈர மண் வாசம்... அதோட கொஞ்சம் ரோசா... அதுக்கும் மேல இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வாசம். எழுபதுகள்ல, பதுளை பஸாருக்குப் பின்னால, எங்கட வீட்டு முத்தத்துல ஆகஸ்ட் மாசம் அடிச்ச வாசம் இதுதான்.

ஊரே காஞ்சு கிடந்த நேரம். கச்சான் காத்து கதவிடுக்கால புழுதிய கொண்டுவந்து சோத்துல போடும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையெல்லாம் மஞ்சளா தெரியும். அப்ப எங்கட முத்தத்துல மட்டும் ஈர மண் எங்கால வந்தது எண்டு கேப்பீங்க...

பக்கத்து வீட்டுல யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலி. வேலியோரம் நெடுக அவங்கட ரோசாப் பாத்தி. காலையில குளிச்சிட்டு வந்து, பூப் பறிச்சு சாமிப் படத்துக்கு வைக்காம பச்சத் தண்ணியும் குடிக்க மாட்டாங்க. ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போற அண்டைக்கு, வேலிக்கிட்ட வாப்பாவக் கூப்பிட்டாங்க. அண்ணன் முறை வச்சு "நானா" எண்டுதான் சொல்லுவாங்க.

"நானா, இந்தப் பூக்கண்டுகளைப் பாத்துக்கொள்ளுங்கோ. சாமிக்கு வைக்கிற பூ. மீன் கழுவின தண்ணி, உடுப்புத் தோய்ச்ச சவர்க்காரத் தண்ணி ஒண்டும் ஊத்திப்போடாதேங்கோ."

வாப்பாக்கு புடவைக்கடை. "கலர் போகாது" எண்டு துணிய விரிச்சுக் காட்டுற அதே உறுதியோட, "நீங்க யோசிக்காமப் போங்க டீச்சர், நான் ஈக்கிறேன்தானே" எண்டாரு. வாப்பா கலர் போகாது எண்ட துணியெல்லாம் என்ன ஆச்சு எண்டு உம்மாக்குத் தெரியும்.

அடுத்த கிழமையே எங்கட வரிசைக்குப் பொதுவான கிணறு வத்தத் தொடங்கிச்சு. எல்லா வீட்டுக்காரங்களும் கூடி முடிவெடுத்தாங்க. கிணத்துத் தண்ணி குடிக்க, சமைக்க, தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவி வுழூ எடுக்க மட்டும். செடிகொடிக்கு ஒரு சொட்டும் இல்ல. முதல்ல கை தூக்கி ஆதரிச்சவரே வாப்பாதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரோசா ஞாபகம் வந்திச்சு.

எங்கட வீட்டுல மீனும் சவர்க்காரமும் படாத தண்ணி எது? வாப்பா ரெண்டு நாள் முத்தத்துல நடந்து நடந்து யோசிச்சாரு. மூணாம் நாள் ஒரு பெரிய கல்லத் தூக்கிட்டு வந்து வேலிக்கிட்ட போட்டாரு. இனி வீட்டுல எல்லாரும் அந்தக் கல்லுல குந்தித்தான் வுழூ எடுக்கணும். கழுவுற தண்ணி வேலிக்கு அடியால ஓடி நேரா பாத்திக்குப் போகும். ஆனா வாய் கொப்பளிக்கிறத மட்டும் இந்தப் பக்கம் துப்பணும். "அது சாமிப் பூ" எண்டு கண்டிப்பா சொல்லிட்டாரு.

நானும் தம்பியும் விளையாடிக்கிட்டிருந்தாலும் விட மாட்டாரு. எடுத்த வுழூ முறிஞ்சா திரும்ப எடுக்கணும் எண்டது அவருக்கு வசதியாப் போச்சு.

"வுழூ ஈக்கா, முறிஞ்சிச்சா?"

"ஈக்கு வாப்பா."

"சந்தேகமா ஈந்தா திரும்ப எடு."

எங்க ரெண்டு பேருக்கும் அந்த ஆகஸ்ட்ல வந்த சந்தேகம் வேற எந்த வயசுலயும் வரல்ல.

அப்பிடியும் தண்ணி காணல்ல. வாப்பா கடை வாசல்ல நிண்டு தொழப் பள்ளிக்குப் போற ஆக்கள மறிக்கத் தொடங்கினாரு. "வாங்க, நம்மட வீட்டுலயே வுழூ எடுத்துட்டுப் போங்க." சும்மா கூப்பிட்டா யார் வருவா... அதுக்காக ஆளுக்கொரு பிளேன்டீ. சீனிக்குப் பெரிய தட்டுப்பாடான காலம். உம்மா கேத்திலத் தூக்கிட்டு வந்து நிண்டாங்க.

"ரோசாக்கு ஒரு வாளி தண்ணிக்காக, பஸாருக்கே நான் டீ ஊத்தணுமா?"

ஆனா பஸார்ல வாப்பாட பேர் உயர்ந்திட்டுது. சில பேர் "ஹாஜியார்" எண்டே கூப்பிட்டாங்க. மக்கா எங்க, வாப்பா அதுவரைக்கும் கொழும்பத் தாண்டினதில்ல.

இதக் கேள்விப்பட்டு ஒருநாள் பள்ளியில தொழுவிக்கிற ஹஸரத்தே வந்திட்டாரு. கல்லுல குந்தி, ஒரு சின்னக் கோப்பைத் தண்ணியில முழு வுழூவையும் எடுத்து முடிச்சிட்டு, "இவ்வளவு போதும், தண்ணிய வீணாக்கப்படாது" எண்டு எல்லாருக்கும் மெதுவா சொல்லிட்டுப் போனாரு. அடுத்த நாள்ல இருந்து அத்தனை பேர் கையிலயும் சின்னக் கோப்பை. பாத்தி காஞ்சிச்சு. மொட்டெல்லாம் தலைய தொங்கப் போட்டிச்சு. டீச்சர் வர ஒரு கிழமைதான் இருந்திச்சு. வாப்பாக்கு சோறு இறங்கல்ல.

கடைசியில போய் ஹஸரத்துக்கிட்ட விஷயத்த சொல்லிட்டாரு. ஹஸரத் திரும்ப வந்து, ஒரு மொட்டத் தூக்கிப் பாத்தாரு.

"இத முதல்லயே செல்லியிருக்கலாமே. பூவுக்குப் போற தண்ணி எப்பிடி வீணாகும்?"

அண்டைக்கு பின்னேர அஸர் தொழுகையில இருந்து அவரே எங்கட கல்லுலதான். அவசரமில்லாம ஆறுதலா, முழங்கால் வரைக்கும் கழுவுவாரு.

டீச்சர் வந்து இறங்கின அண்டைக்கு பாத்தி முழுக்கப் பூ. பெட்டியக் கீழ வைக்காமலே வேலிக்கிட்ட வந்தாங்க.

"ஊரெல்லாம் காஞ்சு கிடக்குது. நானா, என்ன தண்ணி ஊத்தினீங்கள்?"

வாப்பாக்குப் பின்னால இருந்து உம்மாதான் உள்ளத சொன்னாங்க. கால் கழுவின தண்ணி... சாமிக்கு வைக்கிற பூ...

டீச்சர் கல்லப் பாத்தாங்க. பூவப் பாத்தாங்க.

"சவர்க்காரம் போடுறேல்லைத்தானே?"

"இல்ல டீச்சர்."

"அப்ப சரி."

கை கால் கழுவிட்டு வந்து, கூடைய எடுத்துப் பறிக்கத் தொடங்கிட்டாங்க. வாப்பா அந்தக் கல்லுலயே குந்திட்டாரு.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போகமுதல், கல்லு சரியா இருக்கா எண்டு டீச்சரே பாத்துட்டுத்தான் போவாங்க. பிறகு ஒரு வருஷம் போனவங்க வரல்ல. அந்த வருஷம் தமிழாக்கள அடிச்ச கலவரம், உங்களுக்கே தெரியும். அந்தச் செடியெல்லாம் பட்டுப்போற வரைக்கும் வாப்பா வுழூ எடுக்க அந்தக் கல்ல விட்டு வேற இடம் போகல்ல.

இப்ப நான் கொழும்புல, ஃபிளாட்ல. பைப்பத் திறந்தா எந்த நேரமும் தண்ணி. பால்கனியில நாலு ரோசாச் சாடி, நாலும் வாடித்தான் நிக்குது. வுழூத் தண்ணி டைல்ஸ் ஓட்டைக்குள்ள இறங்கி எங்கயோ போயிடுது... பாக்கப் பாக்க மனசு கேக்குதில்ல.

நேத்து ஒரு பேசினும் தண்ணியும் எடுத்துட்டு பால்கனியில போய்க் குந்தினேன்.

மகன் பாத்துட்டான். "உம்மா, இப்பதானே வுழூ எடுத்தீங்க?"

"சந்தேகமா ஈக்கு மகன்" எண்டேன்.