மெழுகு மூக்கும் இரண்டு விரலும்

அந்த மெழுகு மூக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நாங்கள் சில தமிழர்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு நாடகம் போடுவோம். அந்த வருடம் ஒரு பழைய ஆங்கில நாடகத்தைத் தமிழாக்கினோம். கடனுக்கு ஈடாக ஒருவனின் சதையையே அறுத்துக் கேட்கும் யூத வட்டிக்கடைக்காரனின் கதை. அந்த வேஷம் எனக்கு.

எங்கள் குழுவின் காரியதரிசிதான் டைரக்டர். கிளி மூக்கைப் போல வளைந்த ஒரு மெழுகு மூக்கைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மூக்கு இல்லாட்டா இவன் யூதன்னு ஜனங்களுக்கு எப்படிங்காணும் தெரியும்?"

பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கூப்பிடு தூரத்தில் யூதத் தெரு. அங்கே யாருக்கு ஓய் இப்படி மூக்கு இருக்கிறது என்று கத்தினேன். அந்த வட்டிக்கடைக்காரன் ஒரு காட்சியில் தன்னை நாயாய் நடத்தினார்களே என்று குமுறுவான். இன்னொன்றில் கத்தியைத் தீட்டுவான். ஜனங்கள் அவனுக்காக இரங்கவும் வேண்டும், அவனைக் கண்டு பயப்படவும் வேண்டும். மூக்கை ஒட்டினால் சிரிப்புதான் வரும். மூன்று நாள் சண்டை போட்டு மூக்கை ஒழித்தேன்.

நான் வேலை பார்த்த மிளகுக் கிடங்குக்கு எதிரே ஒரு யூதர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தினமும் அவரோடு சாயா குடிப்பேன். நாடகத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஒரே சிரிப்பு.

"சாமி யூதனாயோ! அவன் நல்லவனோ, மோசக்காரனோ?"

"ரெண்டும்தான், சேட்டா."

"அப்போ காணணுமல்லோ. வீட்டிலுள்ளவங்களையும் கூட்டிட்டு வரேன்."

காரியதரிசியோ நாடகத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்திருந்தார். அன்று பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் என்பது மட்டாஞ்சேரியில் யாருக்குத்தான் தெரியாது? மறுபடி சண்டை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வைத்தேன். எல்லாம் என் கெட்டிக்காரத்தனம்.

அவர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதன் நிலையில் அவர்களுடைய வேத வரிகள் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்றைப் பதித்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் இரண்டு விரலால் அதைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார். பேச்சு நடுவில் நிற்காது. கை தானாகப் போய் வரும். அதை நான் எடுத்துக்கொண்டேன். என் வட்டிக்கடைக்காரனும் சாமி கும்பிடுகிற மனுஷன் என்று காட்டத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடும் மகள்களோடும் மூன்றாவது வரிசையில் இருந்தார். நீதிமன்றக் காட்சி. இடுப்பில் கத்தியோடு வந்தவன், வாசல் நிலையை இரண்டு விரலால் தொட்டு உதட்டில் ஒற்றினேன்.

கொட்டகை அதிர்ந்தது. "இது நம்ம பலசரக்குக் கடைக்காரனாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கை தட்டல், விசில். நான் கத்தியைத் தீட்டத் தீட்டச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது வரிசையை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"மூக்கை விட இது பிரமாதம் ஓய்!" என்று காரியதரிசி என்னைக் கட்டிக்கொண்டார். அவரை அறையலாம் போலிருந்தது. ஆனால் அறை வாங்க வேண்டியவன் நான். அந்த மெழுகு மூக்கு ஊரில் யாருடைய மூக்கும் இல்லை. விரல்கள் அவருடையவை.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் சுமை தூக்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் விரலை உதட்டில் ஒற்றிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; மிளகு விலையைப் பற்றிப் பேசினேன்.

"சாமி நல்லா நடிச்சு," என்றார் அவரே. குரலில் கோபமில்லை. "இரிக்கணும். சாயா கொண்டுவரேன்."

உள்ளே போகத் திரும்பினார். கதவருகில் அவர் கை பாதி உயர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், அந்தக் கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிலையைத் தொடாமல் உள்ளே போனார்.