நாலு கிலோ கருங்கல்

மூக்கண்டப்பள்ளி திம்மராயனைக் குவாரியிலிருந்து நிறுத்தியது ஒரு டாக்டர். "அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது" என்றார். பதினெட்டு வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் கல் புரட்டியதற்குக் கிடைத்த பென்ஷன், தேய்ந்துபோன முதுகெலும்பு. மனுஷனுக்குக் கல்லை விட மனமில்லை. நாலு கிலோவில் கல் செய்ய ஆரம்பித்தார்.

மனைவி சரசம்மா கூட்டிப் பெருக்கும் கம்பெனியில் பார்சல் பிரித்த தெர்மாகோல் குவிந்து கிடக்கும். அதைப் பெட்டியாக ஒட்டி, வலை சுற்றி, சிமெண்ட் பூசி, பாதி காய்ந்ததும் உளியால் கொத்தி, ஸ்பான்ஜில் கறுப்பும் சாம்பலும் ஒற்றினால் பூச்செடி வைக்கக் கல்தொட்டி தயார். அந்தக் கொத்துதான் அவர் வித்தை.

தொழிலுக்கு எமனாக வந்ததும் அந்த நாலு கிலோதான். முதல் வாடிக்கையாளர் வீட்டுக்கு ஒற்றைக் கையில் தூக்கிப் போனார். "அட, டுபாக்கூர் கல்லா!" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தொட்டியைக் கயிறு கட்டிக் கம்பில் கோத்து, முன்னால் அவரும் பின்னால் சரசம்மாவும் தோள் கொடுத்தே தூக்கினார்கள். முனகுவது மட்டும் அவர் பொறுப்பு. குவாரியில் பதினெட்டு வருஷம் இருந்த கதையையும் மறக்காமல் சொல்லிவிடுவார்.

ஜூஜுவாடி தாண்டி ஒரு அடுக்குமாடி. ஒன்பதாவது மாடியில் சுமலதா வீட்டுப் பால்கனி மரத்தளத்துக்குப் பன்னிரண்டு தொட்டி. இது சரியாக முடிந்தால் அதே கட்டடத்தில் இன்னும் நாலு வீடு காத்திருந்தது. கேட்டிலேயே முனகல் தூள் பறந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாராயணப்பன் ஓடிவந்து மறித்தார்.

"ஏனப்பா இது? கல்லெல்லாம் மேல ஏத்தக் கூடாது. தளம் தாங்காது."

"கல்லு இல்லீங்க சார், தெர்மாகோலு."

"யாருகிட்ட? நான் கோலாரு, கல்லு வெட்டற ஊரு. உளி போட்ட கொத்து எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷத்தில் திம்மராயனின் கொத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. சிரிப்பதா அழுவதா என்று விளங்காமல் ஒரு தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"குவாரி ஆளுன்னு இப்பதானே சொன்னே. தூக்காம என்ன?"

சரசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று லிப்டுக்குள் போய் நின்றாள். நாராயணப்பன் வழிவிட்டார்.

பன்னிரண்டும் மேலே போய்ச் சேர்ந்ததும் சுமலதாவுக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணா, கீழ பார்க்கிங்ல செம்மண்ணு ஆறு மூட்டை இருக்கு. அதையும் ஏத்தி ரொப்பிடுங்க. பதினெட்டு வருஷம் கல்லு புரட்டினவரு, உங்களுக்கு மண்ணு என்ன பெருசு?"

மண்ணின் எடையைப் பற்றி, கூடவே மேலே வந்திருந்த நாராயணப்பன் மூச்சே விடவில்லை. திம்மராயன் வேட்டியை மடித்துக் கட்டினார். சரசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு முதுகு போயிருச்சும்மா. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. அதனாலதான் இந்தக் கல்லே."

கல் பொய்யென்று கேட்டில் தானே சொன்னபோது வராத வெட்கம் திம்மராயனுக்கு இப்போது வந்தது. வாட்ச்மேன்கள் மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி வரும்வரை, தொட்டியில் எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.