அடக்கம் செய்த கட்டி

உலை கொதிப்பதற்குள் பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். என் அக்கா அப்படி இல்லை. அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். மார்பில் கட்டி இருப்பதை என்னிடம் சொன்னபோதுகூட அவள் மீன் ஆய்ந்துகொண்டுதான் இருந்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. மச்சான் துபாயில் இருந்ததால் தாய்மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்தார். அக்குளையும் தடவிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லைங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. "கைக்குக் கட்டின்னு மட்டுந்தான் தெரியும். என்ன கட்டின்னு தெரியணும்னா எடுத்து, மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல பாக்கணும். எடுத்ததப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார்.

அங்கேயே கட்டியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு புதுச்சேரி முடிவை நினைத்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புற்று என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். "உனக்கா கட்டி, எனக்கா?" என்று லாத்தா கேலி செய்தாள்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் மாமாவை உள்ளே கூப்பிட்டார். "புதுச்சேரியில என்ன சொன்னாங்க?"

"எந்தப் புதுச்சேரிங்க? நர்ஸம்மா சீசாவைக் கையில குடுத்தாங்க. அன்னைக்கே மையவாடியில அடக்கம் பண்ணிட்டேனே."

உடம்பிலிருந்து பிரிந்ததும் உடம்புதான், மண்ணுக்குத்தான் சேரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாமாவின் தம்பிக்கு முன்பு விபத்தில் கால் போனபோதும் அப்படித்தான் செய்திருந்தார்கள். புதுச்சேரிப் பேச்சு நடந்தபோது அவர் அறைக்குள் இல்லை. இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு வந்த கோபத்தில் பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"மாமா நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சாங்க, சும்மா இரு" என்று லாத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

டாக்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "சீசாவோடயா பொதைச்சீங்க?"

"மூடியத் தொறக்க மனசு வரலைங்க. அப்படியே துணியில சுத்தி வச்சுட்டேன்."

"அப்ப ஓடிப்போய்த் தோண்டுங்க. மருந்துத் தண்ணி ஒழுகாம இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து, சீசா உடைந்திருக்குமோ, நாய் கிளறியிருக்குமோ என்று என்னென்னவோ நினைத்தேன். மாமா வேட்டியெல்லாம் மண்ணாக வந்து, தெருவிலிருந்தே சீசாவைத் தூக்கிக் காட்டினார். முழுதாக இருந்தது. குளித்த கையோடு சிதம்பரம் வழியாகப் போகிற புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

முடிவு வந்த அன்று டாக்டர் மாமாவை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அந்தக் காலத்தில் அப்படித்தான், நோய் பெண்ணுக்கு, செய்தி ஆணுக்கு. லாத்தா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசற்படியில் போய் நின்றாள்.

"டாக்டர், கட்டி எனக்குத்தாங்க இருந்துச்சு. எங்கிட்ட சொல்லுங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "புற்றுதாம்மா. சின்னதா இருக்கப்பவே புடிச்சுட்டோம். மார்பை எடுக்கணும். ரேடியேஷனுக்கு மெட்ராஸ் போகவேண்டியிருக்கும்" என்றார்.

"எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தோளில் ஏதோ கனத்தது. பார்த்தால் லாத்தா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டி எடுத்த நாளிலிருந்து அவள் தூங்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீடு வந்தும் அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ரிக்‌ஷாக்காரரை இன்னொரு சுற்று சுற்றிவரச் சொன்னேன்.