நேராக வந்த எதிரி

என்னோடு வேலை பார்த்த, நான் அக்கா என்றே கூப்பிட்ட அவர், முதலில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இனிமே அக்கா கிடையாது, எதிரி. பாவம் பாக்க மாட்டேன்லா" என்பார். புக்கிட் தெங்காவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஜன்னலில்லாத ஓர் அறை அது. இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் உட்கார்ந்து கணினித் திரையில் கடற்சண்டை போடுவதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது சோறு போட்ட வேலை.

ரோந்துப் படகில் பொருத்தும் பீரங்கியை விற்க இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டால், எது தேவலை என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. இரண்டு பீரங்கிகளையும் அதனதன் குணத்தோடு கணினிக்குள் ஏற்றி, ஒரே கடலில், ஒரே எதிரியோடு மோதவிட்டுப் பார்ப்போம். படகைக் காப்பாற்றுவது என் வேலை. சிறு விசைப்படகுகளில் தாக்க வரும் எதிரி அக்கா. பீரங்கிகளுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது; மஞ்சள், பச்சை என்று நிறப் பெயர்தான். எந்த நிறம் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியக் கூடாது. இந்த வேலையின் மானம் முழுக்க எதிரியின் நாற்காலியில் இருக்கிறது. எதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தாக்கினால்தான் ஆயுதத்தின் லட்சணம் வெளியே வரும். அவர் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தால், எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் கிடைப்பது பொய்தான்.

அக்கா மாதிரி ஓர் எதிரி யாருக்கும் வாய்க்கமாட்டார். அவர் நேராக வந்ததே இல்லை. தீவின் மறைவில் பதுங்குவார். மழை வரக் காத்திருப்பார். மீன்பிடிப் படகுகள் கூட்டமாக வலை போட்டிருக்கும் இடத்தில், தானும் ஒரு மீன்காரர் போல மெல்ல ஊர்ந்து வந்து, நான் நிமிர்வதற்குள் என் படகை முடித்துவிடுவார். பல வருடங்கள் தோற்றுக்கொண்டே இருந்தேன், சந்தோஷமாகத் தோற்றேன். தோற்றவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கித் தந்து, எங்கே கோட்டைவிட்டோம் என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமைகளில் கடல் பாலத்தைக் கடந்து டவுனுக்கு வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறும் கறியும் சாப்பிட்டுக்கொண்டே, மேசையில் உப்பு டப்பாவையும் கரண்டியையும் படகுகளாக வைத்துத் திரும்பச் சண்டை போடுவோம்.

என் தம்பி உண்மையான ரோந்துப் படகில் வேலை செய்கிறான். விடுப்பில் வரும்போதெல்லாம் அக்கா அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட்டுக்கறி சமைத்துப் போடுவார். "பசியாறினியாடா? கடல்லே என்னாத்த போட்றாங்க உனக்கு, இப்பிடி எளச்சிருக்கே" என்று அவன் தட்டை நிரப்புவார். எங்களிடம் வந்த மஞ்சளும் பச்சையும் அவன் படகுக்கான பீரங்கிகள். அக்காவுக்கு அதுவும் தெரியும்.

அந்த ஒப்பீட்டில் பச்சை தடுமாறியது. தடுமாறினாலும் சமாளித்தது, சிலமுறை தோற்றது. மஞ்சளோ வெளுத்து வாங்கியது. மஞ்சளோடு உட்கார்ந்தபோதெல்லாம் நான் ஜெயித்தேன். அக்காவையே ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று கைதட்டிக்கொண்டேன். அக்கா ஹெட்போனைக் கழற்றியபடி, "தலைவலிலா. இன்னைக்கு மூளையே ஓடலே" என்றார். ஆனால் எங்கே கோட்டைவிட்டோம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெயித்தவளுக்குக் கேள்வி எங்கே வரும்?

விளக்கக் கூட்டத்துக்குப் படம் தயாரிக்கும்போது, எல்லா ஆட்டங்களிலும் எதிரிப் படகுகள் வந்த தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டேன். பச்சைக்கு எதிரான தடங்கள் தீவைச் சுற்றி, மீன்பிடிப் படகுகளுக்குள் நுழைந்து, நெளிந்து நெளிந்து வந்திருந்தன. மஞ்சளுக்கு எதிரானவை திறந்த கடலில் நேர்க்கோடுகள். அத்தனையும் நேர்க்கோடுகள். மார்க்கெட்டில் மீன் வாங்கக்கூட நாலு கடை சுற்றி வருகிற பெண் அவர். எதிரியின் நாற்காலியில் நானே உட்கார்ந்து, படகைக் காப்பதைக் கணினியிடம் விட்டு, அக்காவின் பழைய வித்தையையே காட்டினேன். பச்சை திணறியது, ஆனாலும் மீன்காரர்களுக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்துவிட்டது. மஞ்சளுக்குக் கடைசிவரை நான் வந்ததே தெரியவில்லை. திரையில் மூழ்கியது என் தம்பியின் படகு மாதிரியான படகு.

மறுநாள் உணவு நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, மஞ்சளுக்கு மட்டும் ஏன் நேரா வந்தீங்க?"

"தலைவலின்னு சொன்னேன்லே."

"எல்லா ஆட்டத்துக்குமாக்கா தலைவலி? அந்தப் படகுல யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்லே?"

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெறும் சிமுலேஷன்லா இது. இதை வச்சா சண்டைக்குப் போகப் போறாங்க? நீ சும்மா பெருசு பண்ணாதே" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்டதுதான் முதல் அடி. சிமுலேஷனை விளையாட்டு என்று சொன்ன ஒரு விற்பனையாளரை ஒருமுறை அறையை விட்டே விரட்டியவர் அவர்.

இரண்டாம் அடி கூட்டத்தில் விழுந்தது. தடங்களைக் காட்டி, நாற்காலிகளை மாற்றிப்போட்டு எல்லா ஆட்டங்களையும் மறுபடி நடத்த வேண்டும் என்று எங்கள் மேலாளர் பொஸ்ஸிடம் கேட்டேன். அவர் யோசித்தார், சம்மதித்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது அக்கா, எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், இரக்கம் வழியும் குரலில், என் தம்பி அந்தப் படகில் இருப்பதையும், அவனை நினைத்து நான் சரியாகத் தூங்குவதில்லை என்பதையும், இந்த நிலையில் என்னால் நடுநிலையாகப் பார்க்க முடியாது என்பதையும் எடுத்துச் சொன்னார். எனக்குத் தூக்கம் வராததை நான் சொல்லியிருந்த ஒரே ஆள் அவர்தான். அறையில் இருந்தவர்கள் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மறு ஆட்டம் இல்லை என்று முடிவானது. வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, "மனசுல வச்சிக்காதே. கொஞ்சம் லீவு எடு, நான் பொஸ்கிட்ட பேசுறேன்" என்றார். கூட இருந்தே குழி பறித்த கை அது. தட்டிவிட்டேன். இன்று நினைத்தாலும் அந்தத் தோள் எரிகிறது.

மஞ்சள் தேர்வானது. சில மாதங்களில் அக்கா கோலாலம்பூரில் பெரிய பதவியில் சேர்ந்தார். அது பீரங்கி விற்கப் போட்டி போட்ட கம்பெனிகளில் ஒன்று என்று கேட்டபோது, மஞ்சள் யாருடையது என்பதும், அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு கிடங்குக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். அங்கே யாரும் யாருக்கும் எதிரி இல்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை, தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. இத்தனை வருடம் என்னை ஈவிரக்கமில்லாமல் தோற்கடித்தாரே, அதில் இருந்த அன்பு அந்த நேர்க்கோடுகளில் இல்லை.

போன மாதம் தம்பி படகிலிருந்து போனில் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"அக்கா, புது பீரங்கி மாட்டிட்டாங்க! உங்க பழைய ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணதாமே. பசங்ககிட்ட சொல்லிட்டேன், எங்க அக்கா கையாலே ஜெயிச்ச பீரங்கி, பயப்படாதீங்கடான்னு."

"நான் ஜெயிக்கலேடா. ஜெயிக்க விட்டாங்க."

"சும்மா அடக்கமா பேசாதீங்கக்கா."

அடக்கம் இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நேர்க்கோடுகளைச் சொன்னேன். யார் அப்படி வந்தார் என்று சொன்னேன். மீன்பிடிப் படகுகள் கூட்டமாக நின்றால் திரையை நம்பாதே, வெளியே வந்து கண்ணால் பார் என்று சொன்னேன். அவனுக்குப் பின்னால் யாரோ மலாயில் பேசிச் சத்தமாகச் சிரிப்பதும், தளத்தில் பூட்ஸ் காலடிகளும் கேட்டன.

"அப்ப பசங்ககிட்ட இப்ப நான் என்னாக்கா சொல்றது?" என்று கேட்டான்.